அளவு கொடுத்தவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணிக்கு இன்றும் கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியவில்லை. திரையை மட்டும் அணைத்துவிட்டு, "தூங்க வெச்சிட்டேன்" என்கிறார். நான் கம்ப்யூட்டரில் டிப்ளமோ வாங்கியவள், போதாக்குறைக்கு நாத்தனார் வேறு. இரண்டு பதவியையும் சேர்த்து ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன். ஊசியில் நூல் கோத்தபடியே தலையாட்டினார்.

முன்னறைதான் அவருடைய தையல் கடை. அவருடைய பழைய நோட்டுகளிலிருந்து நூற்றுப் பதினாறு பெண்களின் பெயர், போன் நம்பர், அளவு, குறிப்பு எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்



காலையில் கழுத்து டிசைன் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, கூடவே அலாரம். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ். உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்.' அழைத்தேன். நான்! டிப்ளமோ! அந்தக் குரலில்தான் எவ்வளவு மரியாதை. "கவலைப்படாதீங்க மேடம், இங்கிருந்தே சுத்தம் பண்ணிடறோம்." அவன் சொன்ன புரோகிராமை இறக்கினேன், அதில் தெரிந்த ஒன்பது இலக்க எண்ணை அவன் கேட்டதும் வாசித்தேன். அதற்குப் பிறகு நான் மவுஸைத் தொடாமலே அம்புக்குறி நகர்ந்தது. டாக்டருக்கு வழிவிடுவது போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி கத்தரியோடு வந்தார். "நீ தொடவே இல்லையே, யாரு நகர்த்துறது?"

சொன்னேன். அம்பு அப்போது 'அளவுகள்' கோப்பைத் திறந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து சுவரிலிருந்த ஒயரைப் பிடுங்கினார். நெட் பெட்டியின் ஒயரையும் பிடுங்கினார். பிறகுதான் கேட்டார்:

"வைரஸ் பாக்க வந்தவனுக்கு என் கஸ்டமர் அளவு எதுக்கு?"

எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

மார்ச் 6, வெள்ளி

ரிப்பேர்க்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்தே மாற்றச் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக. "கோப்பை எடுத்திருப்பானா?" என்றேன். "திறந்திருக்கான். எடுத்தானா இல்லையான்னு என்னால சொல்ல முடியாதுங்க."

வெறும் அளவாக இருந்தால்கூடப் போகட்டும். அந்தக் குறிப்புகள்! 'மூன்றாம் மாதம், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.' 'வலது தோள் இறக்கம், வெளியே தெரியக் கூடாது.' தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காரும் அம்மாவுக்கு: 'இடப்பக்கம் மார்பு ஆபரேஷனில் எடுத்தாச்சு. உள்ளே பஞ்சு வைக்கணும்.' அவர் அளவு கொடுக்க வந்தால் என்னைக்கூட அண்ணி வெளியே அனுப்பிவிடுவார். அதைத்தான் முகம் தெரியாத ஒருவனுக்கு நான் திறந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடப் போவதாக அண்ணி சொன்னதும் அண்ணன் குறுக்கிட்டான்: "எடுத்தானான்னே தெரியாது. நீயா போய் எதுக்கு வாயைக் கொடுக்கறே? ஒருத்தியும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டா."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு என் முன்னாடி நிக்கறாங்க. அவங்ககிட்ட இதை மறைச்சிட்டு நான் எப்படி டேப்பைப் பிடிப்பேன்?"



மார்ச் 10, செவ்வாய்

மூன்று நாளாக அண்ணி கையில் போன். நூற்றுப் பதினாறு பேருக்கும் ஒரே பேச்சு: "எங்க வீட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க அளவும் குறிப்பும் வெளியாள் கையில போயிருக்கலாம். அதை வெச்சு யாராவது மிரட்டினா, என் பேரைச் சொல்லி ஏதாவது கேட்டா, நம்பாதீங்க. எனக்கு உடனே சொல்லுங்க."

எங்க வீட்டுல. அவ்வளவுதான். என் பேச்சையே எடுக்கவில்லை. சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டார். ஒருத்தி கால் மணி நேரம் கத்தினாள், "நீங்க கோவப்படறது நியாயம்" என்று அவளுக்கும் சொன்னார். நாத்தனாரை மாட்டிவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த அண்ணிக்குக் கிடைக்கும்? கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். இப்படி ஒரு மனுஷியோடு ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியாதவர் என்று மட்டும் பார்த்திருக்கிறேனே.

தபால் ஆபீஸ் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

மார்ச் 11, புதன்

அந்த அம்மா ஆள் அனுப்பித் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார், தைக்காமலே. அண்ணி மத்தியானம் சாப்பிடவில்லை.

மார்ச் 16, திங்கள்

கோப்பைப் புதிதாக அடிக்க உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவேன், இணையம் போகாத தனி டிஸ்க்கில் வைப்பேன் என்று விளக்கினேன். அண்ணி வெட்டிய துணியோடு துண்டுச்சீட்டைத் தைத்துக்கொண்டே சொன்னார்:

"துணியில நான் பேரா எழுதறேன்? நம்பர்தானே தைக்கறேன். கம்ப்யூட்டருக்கு மட்டும் பேர் எதுக்கு?"

"எந்த நம்பர் யாருன்னு?"

"நோட்டுல. அது பீரோவுல."

"குறிப்பு?"

நெற்றிப் பொட்டில் விரலால் தட்டிக் காட்டினார்.

இதை நான் இரண்டு வருஷம் படித்தேன், பரீட்சையும் எழுதினேன். அவருக்குக் கத்தரி பிடித்த கையிலேயே இருந்திருக்கிறது. பொறாமையாகக்கூட இல்லை, பெருமையாக இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

அண்ணிக்குச் சொல்லாமல் தபால் ஆபீஸ் போனேன். வரிசையில் நின்றேன். "அன்னிக்கு நடந்தது அண்ணி பண்ணினது இல்லைங்க. நான்தான்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படி மாட்டினே?"

சிவப்புத் திரை, அலாரம், மரியாதைக் குரல், ஒன்பது இலக்கம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்னால் நின்றவர் இருமினார்.

"ஸ்டாம்ப் வேணுமா?"

"வேணாங்க."

"அப்ப நகரு."

அவ்வளவுதான் நடந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. எடுத்ததும் அதே அலாரம் காதைப் பிளந்தது.

"சிவப்பா வந்து கத்துதும்மா. ஒரு நம்பர் போட்டிருக்கு. நான் அதுக்குப் பண்ணலை, உனக்குப் பண்றேன்."

தபால் ஆபீஸ் அம்மா, லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து. எதையும் இறக்கவில்லை, எதையும் அழுத்தவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பிறகு அணைக்கும் பொத்தானைச் சத்தம் நிற்கும்வரை அழுத்தச் சொன்னேன். நின்றது.

"சாயங்காலம் அளவு கொடுக்க வரேன்னு அண்ணிகிட்ட சொல்லு. நீயும் உள்ள இரு. எழுதிக்க ஆள் வேணுமே."

நாலரைக்கு வந்தார். அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடப்பக்கம் வந்தபோது அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் எழுதவில்லை.