அரை மணி நேரத்தில் பெங்களூரு

அம்முக்குட்டி,

இன்றைக்குக் காலையில் உப்பளத்தில் உப்பைக் கரையில் கொட்டிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தோம். கூட வேலை செய்யும் செல்வி போனை நீட்டினாள். "யக்கா, இதப் பாரு. உன் தங்கச்சி சொல்லிக்கினே இருக்குமே, அந்தக் குழாய் வண்டி!"

பெரிய இரும்புக் குழாய், அதற்குள் ஒரு பெட்டி. கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் ஏறினால் அரை மணியில் பெங்களூரு என்று ஒருத்தர் பேசுகிறார். நீ காட்டிய வீடியோவிலும் இப்படித்தான் ஒருத்தர் பேசினார். அதே பேச்சு, வேறு சட்டை.

நீ கடைசியாக வந்த பொங்கல் அது. கட்டிக்கொண்டு போன பெங்களூரையும் தையல் கம்பெனியையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அந்தக் குழாய்தான் பேச்சு.

"உள்ள காத்தே இருக்காதுக்கா, அதான் அவ்ளோ வேகம்."

"காத்து இல்லன்னா மூச்சு எப்படிடி வுடுறது?"

"பொட்டிக்குள்ள இருக்கும், லூசு."

"நடுவுல நின்னுட்டா யாரு எறங்கித் தள்ளுறது?"

நீ தலையில் அடித்துக்கொண்டாய். நான் விடவில்லை. நம் உப்புக் காற்றில் மோட்டார் பைப்பே இற்றுப்போகிறது, அவ்வளவு நீளக் குழாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். எக்ஸ்பிரஸ் பஸ்ஸே நம் மரக்காணத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, அது நிற்குமா என்றேன். அரை மணி வண்டியைப் பிடிக்கச் சென்னைக்குப் போகவே மூணு மணி நேரம் ஆகுமே என்றேன். "உனக்கு எதுலயும் நம்பிக்க கெடையாது" என்று போனை அணைத்துவிட்டாய்.

அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில். "லீவு இல்லக்கா, தூரம் வேற. அந்த வண்டி வரட்டும், வாராவாரம் வர்றேன் பாரு."

உன் வீட்டுக்காரர் போன் பண்ணியபோது நான் பாத்தியில் நின்றுகொண்டிருந்தேன். காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள், இப்படி முடியும் என்று யாரும் சொல்லவில்லை. "பொறந்த வீட்டுக் கோடிப் புடவ வராம எடுக்க மாட்டோம்க்கா. பதறாம வாங்க" என்றார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு உனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நான் ஒருத்திதான்.

காலைக் கழுவினேனா என்றுகூட நினைவில்லை. திண்டிவனத்தில் பஸ் மாறும்போது புடவைக் கடைக்குள் ஓடினேன். உனக்குப் பிடித்த ராணிக் கலர். கடைப் பெண் சிரித்துக்கொண்டே, "கல்யாணத்துக்காக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி. பஸ் எல்லா ஊரிலும் நின்றது. கண்டக்டர் டீ குடித்தார், டிரைவர் யாரிடமோ பேசினார். கோடி மடியில் இருந்தது. அன்றைக்கு மட்டும் அந்தக் குழாய் வண்டியை நான் வேண்டினேன், அம்மு. மூச்சு முட்டினாலும் பரவாயில்லை, ஏறியிருப்பேன்.

பொழுது சாயும்போது வந்து சேர்ந்தேன். தெருவே காத்திருந்தது. "வந்துட்டாங்க, வழி வுடுங்க" என்றார்கள். கோடியை உன்மேல் போர்த்தினேன். அவ்வளவு நேரம் நீ எனக்காக ஓரிடத்தில் இருந்தது அன்றைக்குத்தான்.

செல்வி இன்றைக்கும் கேட்டாள், "அது வருமா யக்கா?" வராது என்றேன். வந்தாலும் நமக்கு வராது. இந்தப் பேச்சு மாறவில்லை.

ஆனால் இன்னொன்றும் கூடவே இருக்கிறது. ராத்திரி ஏறினால் விடியும்போது திண்டிவனத்தில் இறக்கிவிடும் பஸ் அப்போதும் இருந்தது. அம்மா போனதற்கப்புறம் நீ அதில் ஏறியது அந்த ஒரு பொங்கலுக்குத்தான். தூரம் என்று நீ சொன்னதைத்தான் நான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன். எதிலும் நம்பிக்கை இல்லாதவள் என்றாயே, இதை மட்டும் விடமுடியவில்லை.

நிஜமாகச் சொல், அந்த வண்டி வந்திருந்தால் நீ வந்திருப்பாயா, அம்மு?