காக்கைகளுக்குப் பிடிக்காத முகம்

எந்தக் கோபத்திலும் என்னைச் சிரிக்க வைத்துவிடும் என் பகவதிக்கு,

கொல்லையில் காயும் துணியை எடுக்கக்கூட இப்போது நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போகிறேன். போன வாரம் அடுத்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, கொடியில துணி எடுக்க பைக்கிலயா போறீய?" என்றார். சிரித்துச் சமாளித்தேன். வேறென்ன செய்ய?

எல்லாம் காக்கைகளால் வந்தது. மாமரத்திலிருந்து விழுந்த குஞ்சைப் பூனை தூக்கிவிடக் கூடாதே என்று எடுத்துக் கிளையில் வைத்தேன். கையில் குஞ்சோடு நின்ற என்னைத் தாய் பார்த்துவிட்டது. அன்று முதல் நான் பிள்ளை பிடிக்கிறவன். சட்டையை மாற்றினேன், தலையில் துண்டு கட்டினேன், மீசையைக்கூட எடுத்துப் பார்த்தேன். ஏமாறவில்லை. அன்று அங்கே இல்லாத காக்கைகளும் சேர்ந்து விரட்டுகின்றன. ஒன்றுக்கொன்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த ஞாபகசக்தி இருந்திருந்தால் தாசில்தார் ஆகியிருப்பேன்.

ஆனால் நம் மருமகன் என்றால் அவற்றுக்கு உயிர். ஜெனில் இனயம் கடற்கரைப் பையன் அல்லவா, தினமும் காலையில் மீன் கழுவும்போது செவுளும் குடலும் வீசுவான். அவன் கதவைத் திறக்கும் முன்பே மதிலில் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும். எரிச்சலாகத்தான் இருந்தது. போகட்டும் என்று விட்டிருந்தேன்.

இன்று உன் முதல் திதி. உனக்குப் பிடித்த பூசணிக்காய் எரிசேரியோடு மதிலில் இலை போட்டு, "கா, கா" என்று கூப்பிட்டேன். வந்தன, சோற்றுக்கு அல்ல, என் தலைக்கு. ஓடி வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். இலை அப்படியே கிடந்தது. காக்கை எடுக்காமல் நாங்கள் எப்படிச் சாப்பிட? அதை விடு. ஒரு வருடம் கழித்து என் கையால் உனக்கு ஒரு வாய் தர நின்றேனே, அதுவும் கூடவில்லை.

"எப்பா, நீங்க நிக்கிற வரைக்கும் ஒண்ணும் எறங்காது," என்றாள் நம் சுஜி. புருஷனைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வச்சுப் பாருங்களேன்," என்றாள்.

ஜெனில் தயங்கினான். "எங்க சர்ச்சுல இந்தப் பழக்கம் கெடையாது மாமா. நான் வைக்கலாமா?"

"வையி மக்கா."

இன்று வீட்டில் மீனே கிடையாது. வெறும் சோற்றுக் கையோடு போய், நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தான். உடனே ஒன்று இறங்கியது. எரிசேரியைக் கொத்திவிட்டு மற்றதுகளையும் கூப்பிட்டது. சுஜி அழுதாள். எனக்குப் பொறாமையில் காது சுட்டது. இத்தனை வருடம் உன்னோடு குடும்பம் நடத்தியவன் கதவுக்குப் பின்னால். ரெண்டு வருடம் அத்தை என்று கூப்பிட்டவன் உன் பக்கத்தில். நியாயமா பகவதி?

சாப்பிடும்போது அவன் சொன்னான்: "நாளைலேருந்து காலைல எங்கூட வந்து நில்லுங்க மாமா. சேத்துப் பாத்தா ஒங்களையும் பழகிரும்."

"காக்காகிட்ட எனக்கு எதுக்கு மக்கா சிபாரிசு?" என்றேன்.

ஆனால் போவேன். அவனோடு உட்கார்ந்து மீனும் கழுவுவேன். அடுத்த திதிக்கு உன் இலையை நானே வைப்பேன், இது சத்தியம்.

அந்த முதல் காக்கை தின்று முடித்ததும், கதவிடுக்கில் நின்ற என்னைத் தலை சாய்த்து ஒருமுறை பார்த்தது. பிள்ளைகள் ரெண்டு பேரும் பக்கத்தில் நின்றதால், வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்:

'ஏட்டி, நான்தான். தெரியலியா?'

இப்படிக்கு,
உன் சுஜியின் அப்பா