பூட்டை உடைத்தது நான்தான்

மார்ச் 4

அன்புள்ள இன்ஸ்பெக்டர் தம்பிக்கு,

நலமா? வேளைக்குச் சாப்பிடு; ஸ்டேஷன் டீயில் வயிறு நிறையாது.

அரசு வக்கீல் சொன்னதைக் கேட்டதிலிருந்து தையல் மிஷினில் கை ஓடவில்லை. அந்த ஆளின் கார் கொட்டகைக்குள் நீ தேடுதல் உத்தரவு இல்லாமல் நுழைந்தாயாம். அதைக் கோர்ட்டிலும் சொல்லப் போகிறாயாம். நிஜமா? வண்டிக்கடியில் சிக்கியிருந்த பை வார், பாப்பாவுக்காக நான் இரட்டைத் தையல் போட்டது. அவளை இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனவன் அவன்தான் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது? “கொட்டகை திறந்துதான் கிடந்தது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன். உனக்கு என்ன குறைந்துவிடும்?

பாப்பாவின் அம்மா

மார்ச் 9

அம்மா,

பூட்டை உடைத்தது நான்தான். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் உத்தரவு வந்திருக்கும். வண்டியை எங்காவது தள்ளிவிடுவார்களோ என்ற அவசரம்.

முன்பு ஒரு திருட்டு வழக்கில் நான் பொய் சொல்லியிருக்கிறேன். இவன்தான் என்று அன்றும் நிச்சயமாக நம்பினேன். இரண்டு வருஷம் கழித்து உண்மையான திருடன் பிடிபட்டான். என் பொய்யால் உள்ளே இருந்தவன் வெளியே வந்து, “சார், நல்லாயிருக்கீங்களா?” என்று கேட்டான். அதற்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். கூண்டேறினால் உண்மையைத்தான் சொல்வேன்.

உங்கள் தம்பி, இன்ஸ்பெக்டர்

மார்ச் 23

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

சொல்லிவிட்டீர்கள். பை வாரைச் சாட்சியமாக ஏற்க முடியாதென்று நீதிபதியும் தள்ளிவிட்டார். வழக்கு நடக்குமாம், கையில்தான் ஒன்றுமில்லையாம். உங்கள் மனசாட்சி சுத்தமாகிவிட்டது, சந்தோஷம்.

பேப்பர் போடுகிறவர் அன்று தெருவில் சாம்பல் நிறக் காரையும் உடைந்த இடது விளக்கையும் பார்த்திருக்கிறார். எனக்கு அது போதும். அந்த விளக்கை எங்கே மாற்றினான் என்று நாளையிலிருந்து ஒவ்வொரு கார் பட்டறையாக ஏறி இறங்கப் போகிறேன். இனி கடிதம் வேண்டாம்.

ஏப்ரல் 2

அம்மா,

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீங்கள் பதில் போட வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள். பட்டறையில் எது கிடைத்தாலும் நீங்கள் தொடாதீர்கள். அரசு வக்கீலிடம் சொல்லுங்கள். முறைப்படி வந்து எடுக்கட்டும்.

தம்பி

மே 18

தம்பிக்கு,

பதினேழாவது பட்டறையில் கிடைத்தது. இடது விளக்கை மாற்றிய மெக்கானிக், உடைந்ததைப் பழைய சாமான்களோடு போட்டு வைத்திருந்தார். நீ எழுதியபடி நான் தொடவில்லை. உத்தரவோடு வந்து எடுத்தார்கள். பாப்பா விழுந்த இடத்தில் போலீஸ் அன்றே பொறுக்கி வைத்திருந்த கண்ணாடிச் சில்லு அதில் கச்சிதமாகப் பொருந்தியது.

கோர்ட்டில் அந்த ஆளின் வக்கீல் மெக்கானிக்கைக் குடைந்து குடைந்து கேட்டார். “போலீஸ் மிரட்டிச் சொல்ல வெச்சாங்களா?”

“இல்லீங்க. ஒரு அம்மா வந்து விசாரிச்சாங்க. எனக்கும் பொண்ணு இருக்கா. இந்த ஆளுதான் வண்டி கொண்டுவந்தாரு.”

இன்று தீர்ப்பு. ஐந்து வருஷம்.

நீ பொறுக்காத அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கூண்டில் சொன்னதற்குக் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. உன்னை நேரில்தான் திட்ட வேண்டும்; கடிதத்தில் சரியாக வரவில்லை.

அம்மா