நான்காவது திருகாணி

கேமராவைப் பழுது பார்த்து வாங்கி வந்து நாலைந்து நாளாகிறது. இன்னும் அலமாரியைத் திறந்தால் அதைக் கழுவிய வெள்ளைப் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. சட்டென்று கதவைச் சாத்திவிடுகிறேன். இந்த வாசனைக்கு நான் ஏன் பயப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததில் பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது என்பது போன வாரம் தெரிந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு எழுதுகிறேன். தாமதம்தான்.

உன் அம்மா அந்த இரட்டைக் கண் கேமராவை என்னிடம் கொடுத்தபோது, "அவ சாமான்ல இதுக்கு மட்டும் நீயும் பாத்தியப்பட்டவ" என்றார். வாங்கப் போன அன்று உன்னோடு நான்தானே இருந்தேன். ராயபுரத்தில், கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் பொருள்களை வைத்திருந்த பாய் கடை. காலேஜ் முடித்து நீ திருவொற்றியூரில் டீச்சராகியிருந்தாய். நான் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றேன். பாய் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, ஆம்பள யாரும் கூட வர்லியா? பரவால்ல. நீங்க ரெண்டு பேரு, பொட்டிக்கும் கண்ணு ரெண்டு. ஆளுக்கு ஒண்ணு!"

"ரெண்டும் தெரியுமா பாய், இல்ல ஒண்ணு பொட்டைக் கண்ணா?" என்றாய் நீ.

"மேல் கண்ணு உனுக்குக் காட்டும். கீய்க் கண்ணுதான் உள்ள வாங்கிக்கும். காட்றதப் பாத்து ஏமாறாத, வாங்கிக்கிறதப் பாரு."

நீ பின்கதவைத் திறந்து கீழ்க் கண்ணை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாய். கண்ணாடியில் பூஞ்சை இல்லை. ஷட்டர்தான் திறந்த வாயை மூட மறந்து நின்றது. "எந்த மகராசனோ தையல் மிஷின் எண்ணெயை விட்டிருக்கான். இது காஞ்சு கிடக்கணும்டி, எண்ணெய் பட்டா ஒட்டிக்கும்" என்று என் காதில் சொன்னாய். "பெட்ரோல்ல நாமே கழுவிடலாம்."

அந்த 'நாமே'யில் என் வீட்டுக் கூடமும் அடக்கம் என்று பிறகுதான் புரிந்தது. உன் வீட்டில் பெட்ரோல் நாற்றத்துக்கு அம்மா விடமாட்டார். என் வீட்டுக்காரர் துறைமுகத்து வேலைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்தாய். முன்பக்கத் தோலை மெல்ல உரித்தாய். அடியில் நான்கு திருகாணிகள். கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. கழற்றிக் கழற்றிப் பித்தளைத் தட்டில் போட்டாய். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடினேன். நீ கோழி இறகைப் பெட்ரோலில் நனைத்து ஷட்டர் இதழ்களைத் துடைப்பதில் மூழ்கியிருந்தாய்.

திரும்பி வந்தால் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் என் பெண் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள்.

வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. ஜமக்காளத்தை உதறினோம். மூன்றுதான் கிடைத்தன. அந்த நேரம் பார்த்து அவள் இருமினாள்.

"முழுங்கிட்டா!"

"இல்லடி, இங்கதான் எங்கயாவது உருண்டிருக்கும்."

"முழுங்கிட்டா! உன் பொட்டி என் பொண்ணக் கொன்னுடும்!"

குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தேன். அவள் வீறிட்டாள், நானும்தான். நீ அவளை வாங்கி நிமிர்த்தி, மார்பில் காதை வைத்துக் கேட்டாய். "மூச்சு நல்லா வருது. அவ உன் மூஞ்சியப் பாத்துதான் பயப்படறா. முதல்ல மூஞ்சிய மாத்து" என்று என் கையில் கொடுத்தாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தரையைத் தடவித் தேடினாய். கொஞ்ச நேரத்தில் உன் குரல் வந்தது.

"கிடைச்சாச்சு, போதுமா?"

உன் உள்ளங்கையில் சின்னதாக ஒன்று மினுங்கியது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் விரலை மடக்கிக்கொண்டாய். சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே குழந்தைக்குப் பால் கொடுத்தேன். நீ எல்லாவற்றையும் பூட்டி முடித்து, ஷட்டரைத் தட்டிக் காட்டினாய். அது திறந்து, ஒரு வண்டுபோல ரீங்கரித்து, மூடியது.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகாமல், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாய். "பழம் குடு, நெறையக் குடு." சொல்லிவிட்டு நேரே குழாயடிக்குப் போய்க் குழந்தையின் துணிகளை எடுத்துத் துவைக்க ஆரம்பித்தாய். பக்கத்து வீட்டு ஆயிஷா அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "டீச்சரம்மாவுக்கு பீத்துணி மேல இன்னா இம்மாம் ஆசை?"

"பழகிக்கறேன் அக்கா. நாளைக்கு எனக்கும் ஒண்ணு பொறந்தா?"

உன் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு கறுப்பு நூலால் கட்டியிருந்தது. "சம்பளம் வாங்கியும் இந்தக் கோலமா?" என்று கேலி செய்தேன். "இப்படி இருந்தாதான் பசங்க பயப்படறாங்க" என்றாய். நான் நம்பினேன்.

அதற்கடுத்த நாளும் வந்தாய். பிறகு ஒரு காலை, குழாயடியிலிருந்து திடீரென்று பெரிய சிரிப்பு. ஓடி வந்து ஈரக் கையோடு என் பெண்ணை வாரி எடுத்து முத்தமாகக் கொட்டினாய். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் வழிந்தது. "சோப்பு பட்டுடுச்சுடி." அன்றோடு துவைக்கிற ஆசை உனக்குத் தீர்ந்துவிட்டது.

போன வாரம் பழுது பார்ப்பவர் முன்தோலை உரித்தவர், என்னைக் கூப்பிட்டார். "அம்மா, இந்த நாலுல ஒண்ணு இதோடது இல்ல. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ. அரக்கு வெச்சி நிக்க வெச்சிகீறாங்கோ. மாத்திடட்டா?"

உன் கண்ணாடியில் கட்டிய நூல், பழம், குழாயடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எனக்குக் காட்டியது ஒன்று; நீ உள்ளே வாங்கிக்கொண்டது வேறு. அந்த இரவுகளில் நீ தூங்கினாயா? கோபமும் வந்தது, மறைக்கமாட்டேன். என் குழந்தை விஷயத்தை என்னிடமே மறைக்க நீ யார்? கேட்பதற்கு நீ இல்லை.

"மாத்தாதீங்க" என்றேன்.

நேற்று மதியம், அன்று தட்டைக் கவிழ்த்த பெரியவள் அறுந்த பாசிமாலையோடு ஓடி வந்தாள். "அம்மா, தம்பி என் மணிய முழுங்கிட்டான்! நான்தான் கீழ போட்டேன்!" அவன் வாயைப் பார்த்தேன், மார்பில் காதை வைத்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாலையோடு ஜன்னல் பக்கம் திரும்பி, மறுமுனையிலிருந்து ஒரு மணியை உருவினேன்.

"கிடைச்சாச்சு, போதுமா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். சாயங்காலம் லேடி டாக்டரைப் பார்த்தேன். மூச்சு நன்றாக இருக்கிறது, பழம் கொடு, துணியைப் பார்த்துக்கொண்டிரு என்றார். உன்னிடமும் யாரோ இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

இன்று காலை அவன் துணிகளை வேறு யாரையும் தொடவிடாமல் நானே துவைத்தேன். பெரியவள் குழாயடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். மணி இன்னும் வரவில்லை.