என்னை ‘என்சிக்’ என்று அழைத்தவள்

18.2.2024, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சிக் நூருல் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். வீட்டில் என் மனைவி பிரேமா பேசுகிற சொற்களை எல்லாம் தேதி போட்டு எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டு வர வேண்டுமாம். மோட்டார் பட்டறையில் பில் எழுதுவதைத் தவிர நான் பேனா பிடித்து எத்தனையோ வருடம் ஆயிற்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த தமிழ். பிழை இருக்கும். இருக்கட்டும். சிக் நூருலுக்குத் தமிழ் தெரியாது.

இன்றைய சொற்கள்: ஆயேர், நாசி, சாக்கிட். தண்ணீர், சோறு, வலி. மூன்றும் மலாய்.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலையில் வேலைக்குப் போகும் வழியில் பிரேமாவின் மோட்டார் சைக்கிளை ஒரு கார் இடித்தது. தலையின் இடப்பக்கத்தில் அடி. இரண்டு அறுவை. பன்னிரண்டு நாள் கண் திறக்கவில்லை. வலது கை, வலது கால் இரண்டும் இப்போது அவள் சொன்னபடி கேட்பதில்லை. இதற்கெல்லாம் டாக்டர் எங்களை முன்பே தயார்ப்படுத்தி இருந்தார். ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. தமிழ் போய்விடும் என்று.

பெண்டாங்கில் பிறந்து, வீட்டில் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசாமல் வளர்ந்தவள். இருபத்தொரு வருடமாக அரசாங்க அலுவலகக் கவுண்டரில் மலாய் பேசி வேலை பார்த்தவள். கண் திறந்தபோது கவுண்டர் மலாய் மட்டும்தான் திரும்பி வந்திருக்கிறது.

“தமிழ் உள்ளேதான் இருக்கும், வரும் வழி அடைத்திருக்கிறது” என்கிறார் சிக் நூருல். கார்புரேட்டர் அடைப்பு மாதிரியா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட என்றார்.

அடைப்பு என்றால் எனக்குப் புரியும். ஆனால் இதை எப்படிக் கழற்றுவது?

25.2.2024

காலையில் சுடுதண்ணீர் வைத்துத் துடைத்துவிட்டு, தலை வாரினேன். அறுவைக்கு மழித்த பக்கம் முடி முள் முள்ளாக வளர்கிறது. அந்தப் பக்கம் சீப்பு படாமல் வார வேண்டும். மகள் சாந்தினி வாரினால் பத்து நிமிடம். நான் வாரினால் அரை மணி.

முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, “தெரிமா காசே, என்சிக்” என்றாள்.

நன்றி ஐயா. கவுண்டருக்கு வருகிறவர்களிடம் சொல்வாளே, அதே சிரிப்பு.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். என்னை ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் அதுவும் கிடையாது, கரண்டி விழும் சத்தம்தான். நான் யார் என்று இவளுக்குத் தெரிகிறதா, இல்லையா?

சாந்தினியிடம் கேட்டேன். “அம்மாவுக்கு உங்கள தெரியும் லா அப்பா. கூப்பிடற வார்த்தைதான் வரல” என்றாள். பதினேழு வயதுப் பெண். எனக்குத் தைரியம் சொல்கிறாள்.

3.3.2024

ஆறு சொல். ஆறும் மலாய். வலது கைப் பெருவிரல் அசைந்தது. சாந்தினிதான் முதலில் பார்த்தாள்.

6.3.2024, புதன்

இன்று நான் செய்தது அசிங்கம்.

மத்தியானம் பட்டறையைச் சாத்திவிட்டு வந்தேன். பிரேமா தண்ணீர் கேட்டாள். “ஆயேர்.” டம்ளரை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். “தண்ணின்னு சொல்லு பிரேமா.”

“ஆயேர்.”

“தண்ணி. த, ண், ணி. சொல்லு.”

இடது கையை நீட்டினாள். நான் டம்ளரைப் பின்னால் இழுத்தேன். இழுத்தேன்! மூன்று தடவை. வாயைத் திறந்து திறந்து பார்த்தாள், காற்றுதான் வந்தது. பிறகு தலையைக் குனிந்து, “மாஃப், என்சிக்” என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுது.

அந்த நேரம் பார்த்து சாந்தினி பள்ளியிலிருந்து வந்தாள். என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி அம்மாவுக்குக் கொடுத்தாள். “தாகம்னா தாகம்தான் அப்பா. எந்த பாஷையில கேட்டா என்ன?”

என்ன மனுஷன்டா நான். தாகத்துக்குத் தண்ணி கேட்டவகிட்ட பரீட்சை வச்சேன்.

10.3.2024

சிக் நூருலிடம் டம்ளர் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவங்க எந்த மொழியில் பேசினாலும் உடனே பதில் கொடுங்கள். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். சோதிக்காதீர்கள். முன்பு அவங்க சந்தோஷமாகச் செய்த காரியத்தைச் சேர்ந்து செய்யுங்கள்” என்றார்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். பிரேமா சந்தோஷமாக என்ன செய்வாள்? வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், துணி மடிப்பாள். நான் பட்டறை. அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லையே.

அவள் தம்பி தேவனுக்குப் போன் போட்டேன். பெண்டாங்கில் நெல் ஆலையில் லாரி ஓட்டுகிறான். “சின்ன வயசுல அக்காவுக்கு என்னடா பிடிக்கும்?”

“வெள்ளிக்கிழமை லீவு மாமா. வரேன்” என்றான்.

வெள்ளிக்கு இன்னும் ஐந்து நாள். வருவானா?

22.3.2024, வெள்ளி

போன வாரம் லாரி பழுதாம், இன்றுதான் வந்தான். வந்தான், வந்தான்! எழுத்து கோணலாகப் போகிறது.

தேவன் லாரியிலிருந்து ஒரு பழைய கேரம் போர்டை இறக்கினான். ஒரு மூலையில் பலகை உப்பியிருந்தது. பிரேமாவின் நாற்காலிக்கு முன்னால் வைத்து மாவு தூவினான். சிறு வயதில் அக்காவும் தம்பியும் பள்ளி விட்டு வந்து இருட்டும்வரை ஆடுவார்களாம். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இது தெரியாது.

பிரேமா இடது கையால் சுண்டினாள். முதல் காய் போர்டைத் தாண்டி சாந்தினி மடியில் விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். நாலைந்து தடவைக்குப் பிறகு காய் நேராகப் போக ஆரம்பித்தது. கண்ணைச் சுருக்கிக் குறி பார்த்தாள்.

தேவனுக்கு ஒரு காய் குழி ஓரத்தில் நின்றது. குனிந்து குறி பார்க்கிறவன் போல முழங்கையால் அதைக் குழிக்குள் தள்ளிவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை, பழைய பழக்கம் என்று பிறகு சத்தியம் செய்தான்.

“கள்ளாட்டம்!”

யார் சொன்னது என்று எனக்கு முதலில் புரியவில்லை. நான் சாந்தினியைப் பார்த்தேன். சாந்தினி அம்மாவைப் பார்த்தாள்.

“டேய்! கள்ளாட்டம்டா!” பிரேமா இடது கையால் போர்டை அடித்தாள். காயெல்லாம் துள்ளியது.

தேவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாற்பது வயது ஆள், லாரி ஓட்டுகிறவன், தேம்பித் தேம்பி அழுதான். “இன்னொரு தடவ திட்டுக்கா.”

சாயங்காலத்துக்குள் வேண்டுமென்றே இன்னும் நாலு தடவை ஏமாற்றினான். நாலு தடவையும் திட்டு வாங்கிக்கொண்டான்.

23.3.2024

நோட்டில் எழுத வேண்டிய சொற்கள்: கள்ளாட்டம், டேய், போடா, எரும. சிக் நூருலுக்கு இதை எப்படி மொழிபெயர்த்துச் சொல்வேன்?

4.4.2024, வியாழன்

உடற்பயிற்சி அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் எட்டு அடி நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக்கொண்டே போகச் சொன்னார்கள். சத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா. ஐந்தாவது அடியில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு வலது காலை இழுத்து வைத்து, “ஆறு” என்றாள். தமிழுக்கு மாறியது அவளுக்கே தெரியவில்லை. ஏழு. எட்டு.

கம்பியின் அந்த முனையில் நான் நின்றிருந்தேன். நல்லவேளை, என் முகத்தைத் துடைத்துக்கொள்ள இன்னும் இரண்டு அடி நேரம் கிடைத்தது.

21.4.2024

சொற்கள் நிறைய வருகின்றன, ஆனால் இடம் மாறி வருகின்றன. போர்வை கேட்க புடவை என்கிறாள். சீப்பைக் காட்டி ஸ்பேனர் என்றாள். ஸ்பேனரா! அது என் சொல் அல்லவா. உண்மையான ஸ்பேனரைக் கொண்டு வந்து தலை வாரட்டுமா என்று நீட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

5.5.2024

குளியலறையில் விழுந்துவிட்டாள். என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போயிருக்கிறாள். எலும்பு முறியவில்லை. முட்டியில் வீக்கம்.

6.5.2024

பேசவில்லை. தமிழும் இல்லை, மலாயும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். சாந்தினி கேரம் போர்டை எடுத்து வைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

8.5.2024, புதன்

மூன்றாவது நாள். கஞ்சி கொண்டு போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, “முடியல” என்றாள்.

தன்னைப் பற்றி அவள் தமிழில் சொன்ன முதல் வார்த்தை. அதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா?

கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். நாலு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். “எனக்கும் முடியல பிரேமா. பட்டறைக்குப் போனா கை வேல செய்யுது, மனசு இங்க கெடக்குது. நீ என்ன ஐயான்னு கூப்பிட்டப்போ செத்துப் போயிட்டேன். சாந்தினி முன்னால சிரிக்கறேன், அவ்வளவுதான்.”

தலையில் அவள் கை பட்டது. இடது கை இல்லை. வலது கை. கட்டிலிலிருந்து நழுவி விழுந்ததா, எடுத்து வைத்தாளா, தெரியாது.

“ஏங்க,” என்றாள். “எந்திரிங்க.”

எழுந்தேன். அவளும் எழுந்தாள். கஞ்சி ஆறியிருந்தது, இரண்டு பேரும் குடித்தோம்.

15.6.2024, சனி

மீன் வாங்கப் பசாருக்கு நடந்தே போனோம். அவள் கையில் ஊன்றுகோல், என் கையில் பை. கெம்போங் மீன் என்ன விலை என்று கேட்டாள். கடைக்காரர் சொன்னார். “கண்ணப் பாருங்க அண்ணே, எப்படிச் செவந்திருக்கு. இத நான் வாங்கணுமா?” என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்துவிட்டாள். அந்த வேகத்துக்கு நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

30.6.2024

சிக் நூருலிடம் நோட்டைக் கொடுத்து, இனிமேல் என்னால் எழுத முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். நேற்று பிரேமா சொன்னதைச் சொன்னேன்: “கெடாய்க்குப் போய் தெலோர் வாங்கிட்டு வாங்க, சாந்தினிக்கு எக்ஸாம், லேட் ஆகுது லா.” இதில் எது தமிழ், எது மலாய் என்று எந்தப் பக்கத்தில் போடுவது? கடையும் முட்டையும் மலாயில், மற்றது தமிழில், நடுவில் இங்கிலீஷ்.

சிக் நூருல் மேசையில் தட்டிச் சிரித்தார். “உங்கள் மனைவி இங்கே மற்ற எல்லோரையும் போலப் பேச ஆரம்பித்துவிட்டார்” என்றார். நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

16.7.2024, செவ்வாய்

இன்று மருத்துவ வாரியம். பிரேமா வேலைக்குத் திரும்பலாமா, ஓய்வு கொடுத்து அனுப்புவதா என்று மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அவள் நீல பாஜு குரோங் உடை போட்டு, தானே வலது கையால் பொத்தான் மாட்டினாள். பதினைந்து நிமிடம் ஆயிற்று. நான் கிட்டே போகவில்லை.

என்னையும் உள்ளே விட்டார்கள். நடுவில் இருந்த டாக்டர் மலாயில் கேட்டார்: கவுண்டரில் கோபமாக ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்? பிரேமா யோசித்தாள். ஒரு சொல் தொண்டை வரை வந்து நின்றது. “டாக்டர், அவங்க வீட்டில் நன்றாகப் பேசுவாங்க, இங்கே பயத்தில்…” என்று நான் ஆரம்பித்துவிட்டேன்.

பிரேமா என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. கேள்வி என்னத்தான் கேட்டாங்க.”

தமிழில். டாக்டர்களுக்கு வார்த்தை புரிந்திருக்காது. விஷயம் புரிந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து, மலாயில் முழுப் பதிலும் சொன்னாள். முதலில் அவர் சொல்வதைக் கேட்பேன். குறுக்கே பேச மாட்டேன். நேரம் எடுத்துப் பேசுகிறவர்கள் வந்தால் இனி இன்னும் நன்றாகக் கேட்பேன்.

செப்டம்பரில் திரும்பலாம். முதலில் அரை நாள், கோப்பு அறையில். பிறகு கவுண்டர்.

வெளியே வந்ததும் காரிடாரில் நான் கத்தியே விட்டேன். “மானமே போகுது” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இழுத்தது வலது கை.

12.9.2024, வியாழன்

பிரேமா வேலையிலிருந்து வந்து கால் கழுவியதும் தேவனைப் போனில் பிடித்தாள். ஒரு மணி நேரம் ஆகிறது. கோப்பு அறையில் ஃபேன் ஓடாதது, புது மேலதிகாரி, தேவன் மகனுக்குக் காய்ச்சல், திரும்பவும் ஃபேன். சாம்பார் ஆறிவிட்டது. சாந்தினி சாப்பிட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். நான் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

“பேசிட்டு இருக்கேன்ல!” என்கிறாள்.

பேசட்டும்.