முதல் மடக்கு

அப்பா,

உங்கள் தெவசத்துக்குப் படையல் போடும்போது அத்தை தன் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சோடாப் போத்தலை எடுத்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். நம் வீட்டுக்குள் சோடா வந்து எவ்வளவு காலமாயிற்று! அத்தைக்கு அது ஞாபகமில்லை. அண்ணன் வாழையிலையைக் கையில் பிடித்தபடி நின்றான்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தை மூடிய பிறகும் நீங்கள் யாருடையதோ துண்டுக் காட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தீர்கள். பாலை உறையவைக்கும் ஆசிட்டைக் காலிச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது அங்கே எல்லாரும் செய்கிற காரியம். அன்று அவசரத்தில் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் செருகினீர்கள். நான் பார்த்தேன், சோடா என்றே நினைத்தேன். பள்ளி விடுமுறை என்று அண்ணனும் நானும் உங்களோடு வந்திருந்தோம். தாகம் என்றேன். அவன் போத்தலைத் திறந்து கொடுத்தான். நாற்றம் அடித்திருக்கும்தான், ஆனால் பால்காட்டில் எல்லாமே அந்த நாற்றம்தானே. ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது.

பிழைத்துக்கொண்டேன். குரல்தான் போயிற்று. ஈப்போவில் கிளினிக் முகப்பில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் நோயாளிகளே, "சளியாக்கா? மருந்து எடுத்தீங்களா?" என்று விசாரிக்கிறார்கள்.

நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில், நான் குடிக்கும் எதையும் முதலில் நீங்கள் ஒரு மடக்கு குடித்துப் பார்த்தீர்கள். தேநீர், மோர், கல்யாண வீட்டு ரோஸ் சிரப். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் என் கோப்பையை எடுத்துக் குடித்தீர்கள். மாப்பிள்ளையின் அம்மா முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "சூடு பார்த்தேன்லா" என்பீர்கள். ஐஸ் மிதக்கும் சிரப்பில் என்ன சூடு?

அண்ணன் நேர் எதிர், வாய் ஓயாது. தீபாவளிக்குச் சொல்வான், என் பிறந்தநாளுக்குச் சொல்வான், பீர் உள்ளே போனால் விடியவிடியச் சொல்வான். "என்னாலதான்மா உனக்கு இப்படி. மன்னிச்சிரு." மன்னித்து மன்னித்து எனக்கே அலுத்துவிட்டது. வெந்தது என் தொண்டை, ஆறுதல் சொல்வதும் நானா?

உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. உங்கள் மேல் கொஞ்சம் அதிகம். ஒருமுறை அவன் உங்களிடம் பேச்சை எடுத்தான். நீங்கள் எழுந்து மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டீர்கள். அப்பா தன்னை மன்னிக்கவே இல்லை என்று அவன் முடிவுகட்டியது அன்றுதான். போத்தலை வைத்தது யார் என்று உங்கள் கடைசிவரை அவனுக்குத் தெரியாது. நீங்கள் சொல்வீர்கள், சொல்வீர்கள் என்று நானும் வாயை மூடிக்கொண்டே இருந்தேன்.

படையல் எடுத்ததும் அத்தை சோடாவைக் கோப்பைகளில் ஊற்றினார். நான் கை நீட்டும் முன் அண்ணன் என் கோப்பையை எடுத்து ஒரு மடக்கு குடித்தான். வழக்கமான மன்னிப்பு வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கோப்பையை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, அந்தப் போத்தல பையில வச்சது அப்பாதான்," என்றேன். "உன் மேல ஒண்ணும் இல்ல."

அவன் உங்கள் படத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பா சொன்னாரா?"

"சொன்னாரு. ஆஸ்பத்திரியில, கடைசியா."

அவன் தலையை ஆட்டினான். இலை முன்னால் உட்கார்ந்து, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான். உங்களுக்குப் பிறகு அவன் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நீங்கள் சொல்லாததை இந்தக் கரகரத்த குரலில் நான் சொல்லிவிட்டேன், அப்பா. அவனுக்குப் பாரம் இறங்கிவிட்டது. சோடா என் கையிலேயே இருந்தது. எனக்குத்தான் ஒரு மடக்கும் இறங்கவில்லை.