பின் சீட்டில் டிரைவர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நூற்றுப் பதினான்கு பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். கட்டைவிரல் மரத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் இவர், காலையில் நான் விட்டுப்போன அதே ஜன்னலோரம். "இப்ப போன பஸ்ஸுக்கு கிளட்ச் போகப் போகுது. ஒருத்தனும் கவனிக்க மாட்டேங்கறான்" என்றார். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய காது.

கண் அழுத்த நோய் முதலில் ஓரங்களைத் தின்றது, பிறகு நடுவையும். இப்போது விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தவிர இவர் வாசற்படி தாண்டிப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று என்னையே கேட்டுக்கொண்டு. மடக்குக் குச்சி வாங்கிக் கொடுத்தேன். உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

ஐம்பத்து நாலு வயது. இன்னும் முப்பது வருடம் இப்படியேவா?

மார்ச் 8, ஞாயிறு

எங்கள் கூடத்து டாக்டரம்மா போய்வந்த பாதையைப் பற்றி இவரிடம் சொன்னேன். பழைய ரயில் தடம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றை ஒட்டியே நூற்று நாற்பது கிலோமீட்டர். கார், லாரி, மோட்டார் சைக்கிள் எதற்கும் அனுமதி கிடையாது. ரயில் போன வழி என்பதால் பெரிய ஏற்றமும் இல்லை. இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்.

"யாரு முன்னாடி?"

"நான்தான்."

"அப்ப நான் பின்னாடியா?"

"பின்ன, கூரை மேலயா?"

சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு தடவை விழுந்தா அங்கேயே நிறுத்திடணும். அதுக்கப்புறம் என்னை எங்கேயும் வான்னு கூப்பிடக் கூடாது."

சரி என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நான் கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது கல்யாணத்துக்கு முன்னால்.

மார்ச் 22, ஞாயிறு

நீளச் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிப் பள்ளிக்கூட மைதானத்தில் பழகுகிறோம். முதல் நாள் பாம்பு மாதிரி நெளிந்தோம். இன்று நாலு சுற்று நேராக. கொழுந்தன் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணி, அவரே பாவம். அவரை வெச்சு வித்தை காட்டணுமா?"

"வித்தைதான் தம்பி. டிக்கெட் எடுத்துட்டுப் பாருங்க."

இரண்டு சட்டங்கள் போட்டுக்கொண்டோம். முதலாவது அவருடையது. பின் சீட்டு ஹேண்டில்பாரிலும் ஒரு மணி இருக்கிறது. இரண்டு அடித்தால் கிளம்பலாம், ஒன்று அடித்தால் நிற்க வேண்டும். "கண்டக்டர் மணி அடிக்காம வண்டியை எடுக்கறவன் டிரைவரே இல்லை" என்றார், என்னவோ எனக்கு லைசென்ஸ் கொடுப்பவர் மாதிரி. இரண்டாவது என்னுடையது. வளைவு, பிரேக், கியர், பள்ளம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இன்று ஒரு குழி வந்தபோது பழக்கதோஷத்தில், "லேசா சுருக்குன்னு இருக்கும், கையைத் தளர்த்தி வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தம் கேட்டு.

ஏப்ரல் 9, வியாழன்

முதல் நாள், முப்பத்தாறு கிலோமீட்டர். விழவில்லை. எனக்கு இரண்டு கொம்பு முளைத்திருக்கிறது.

சைக்கிள் கடைக்கார அம்மாள் இவர் குச்சியைப் பார்த்துவிட்டு என்னிடம், "சாருக்கு சீட்டு உயரம் போதுமா?" என்று கேட்டாள். (குச்சியை நான்தான் கட்டாயப்படுத்தி எடுத்துவரச் செய்தேன்.) இவர், "சாரையே கேளுங்க, வாய் இருக்கு" என்றார். பழைய டிரைவர் வெளியே வந்துவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

பாதையில் சத்தமே இல்லை. சங்கிலியும் தண்ணீரும்தான். மேற்கு மலை சாம்பல், உச்சியில் கொஞ்சம் பனி. கிழக்கு மலை அடியிலிருந்து நுனி வரை காடு. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே மிதித்ததில் மூச்சு வாங்கியது. "மூச்சை மிச்சம் பிடி. மலை எங்கேயும் ஓடிடாது" என்றார்.

ஏப்ரல் 10, வெள்ளி

நாற்பத்தொன்று. முட்டி. எழுதத் தெம்பில்லை.

ஏப்ரல் 11, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் ஒரு வேரின் மேல் ஏற்றிவிட்டேன். சொல்ல மறந்துவிட்டேன். அவருக்கு நாக்கு கடிபட்டு, "பார்த்து ஓட்டத் தெரியாதா?" என்றார். பார்த்து! அந்த வார்த்தையை அவர் சொல்ல, நான் பதிலுக்கு ஏதோ சொல்ல, மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு பேரும் உம்.

மாடுகள் தாண்டாமலிருக்க வழியில் ஒரு கேட். எப்போதும் போல நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன், அவர் கேட்டைச் சாத்தினார். சாத்துகிற சத்தம் கேட்டது. ஏறி மிதித்தேன். மணிக்குக் காத்திருக்கவில்லை. கோபம்.

வண்டி காற்றாகப் பறந்தது. கால் பழகிவிட்டது, மூன்று நாளில் நான் தேறிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் சண்டையை நானே முடித்துவைத்தேன். "சரி, தப்பு என்மேலதான். வேரைச் சொல்லியிருக்கணும்" என்று மன்னிப்பும் கேட்டேன். பதில் இல்லை. வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன். எதிரே சைக்கிளில் வந்த ஒரு கிழவர் வேகத்தைக் குறைத்து, "அம்மா, யார்கிட்ட பேசிட்டு வர்றீங்க?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சீட்டு காலி.

ஐயோ. ஒரு பக்கம் ஆறு, தடுப்புக் கம்பிகூட இல்லை. கண் தெரியாத மனுஷனை நடுவழியில விட்டுட்டு வந்திருக்கேன், நான் எல்லாம் ஒரு பொண்டாட்டியா? அந்த நீள வண்டி அந்தக் குறுகல்ல திரும்பவும் மாட்டேங்குது. ஒருவழியாகத் திருப்பி, அழுதுகொண்டே மிதித்தேன்.

கேட் வரை போக வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பே, தார் ஓரத்தைக் குச்சியால் தட்டித் தட்டி, இவர் நடந்து வந்துகொண்டிருந்தார். தனியாக. தலை நிமிர்ந்து.

"அங்கேயே நிக்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன். தப்பு செய்தவள் நான், கத்தியதும் நானே.

"நின்னேன். நீ வர்ற வழியாக் காணோம். ஆறு இடது பக்கம் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு. அது இடதுலயே இருக்கற வரைக்கும் நான் ரோட்டுலதானே இருக்கேன்?" பிறகு, "எவ்வளவு தூரம் வந்திருக்கேன், பாரு" என்றார்.

பார்த்தேன். கேட் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அரை கிலோமீட்டர் இருக்கும் என்றேன்.

"அரையா? நல்லாப் பாரு."

"சரி, முக்கால்."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த காலத்து முகம். நான் மூக்கைச் சிந்திவிட்டு, பேச்சு பேச்சுதான், நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

"விழுந்தாத்தானே? விழவே இல்லையே. டிரைவர் பயணியை விட்டுட்டுப் போயிட்டாங்க, அவ்வளவுதான். புகார் எழுதிக் கொடுக்கிறேன், ஏறு."

ஏப்ரல் 12, ஞாயிறு

முடித்துவிட்டோம். நூற்று நாற்பது. பாதை முடிகிற பழைய ஸ்டேஷனில் ரொட்டியும் டீயும். கொழுந்தன் போன் செய்தார். என் மானம் போகப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இவர், "உங்க அண்ணி என்னை நடு ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டாடா" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். இவர் கூச்சல் அடங்கும் வரை காத்திருந்து, "ஒன்றரை கிலோமீட்டர் தனியா நடந்தேன்" என்றார்.

நான் திருத்தவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

ஊசியும் வரிசையும். இவர் தெருமுனை வரை போய்வந்தாராம். என்னிடம் சொல்லவில்லை, எதிர் வீட்டுக்காரி சொன்னாள்.

மே 6, புதன்

காலை எட்டு மணிக்குக் கூட்டம் நெரிந்தது. தலையைத் தூக்காமலே டோக்கன் முப்பத்தெட்டைக் கூப்பிட்டேன். எதிரே வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கியவர் இவர்.

வீட்டிலிருந்து இரண்டு பஸ். நடுவில் ஒரு பெரிய சாலை.

"யாரு கூட வந்தீங்க?"

"டோக்கன்ல ஒரு பேர்தானே போட்டிருக்கு?"

"சுகர் டெஸ்ட் வீட்டுலயே எடுக்கறேன்ல?"

"எல்லாரும் வந்து எடுக்கறாங்க, நானும் வந்தேன். பின்னாடி வரிசை நிக்குது, பேசிட்டே இருக்காதே."

இருபத்தோரு வருடமாக ஊசி பிடிக்கிறேன். பச்சைக் குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் எடுப்பேன். இன்று இரண்டு தடவை நரம்பைத் தவறவிட்டேன். பக்கத்து மேசைக்காரியை எடுக்கச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாராம்.